கொல்லிமலையின் உயிர்நிலைகள்: இடர் வருமுன் எண்ணிப் பார்க்கும் முறை

(கொல்லிமலை விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர் ஒருவர் எழுதியது)

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் ரஸ்தாவில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்திலுள்ள இம்மலையின் ஜனங்களுக்கு வேண்டிய அரிசி, உப்பு, உரம், மருந்து, பள்ளிப் புத்தகம் முதலிய யாவும் பெரும்பாலும் அவ்வழியாகவே ஏறுகின்றன. மலையில் விளையும் குச்சிக்கிழங்கு, காப்பிக்கொட்டை, மிளகு, வாழை, பலா, அன்னாசி ஆகியவை அவ்வழியாகவே இறங்குகின்றன. முள்ளுக்குறிச்சிப் பக்கமாக வேறொரு வழியும் பின்னர் ஏற்பட்டிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை வலுக்குங்கால் ஏதேனும் ஒரு வளைவில் பாறை உருண்டோ, மரம் சாய்ந்தோ, மண் சரிந்தோ போக்குவரத்து நிற்பது மலைவாசிகளுக்குப் புதிதன்று.

அவ்விதம் வழி அடைபட்ட ஒரு சமயத்தில் அடியேன் மலைமேல் இருக்க நேர்ந்தது. ஒரே ஊரில் அடுத்தடுத்து வாழும் இரு குடியானவர்களின் நிலையைக் கண்டேன். ஒருவர் அதற்கு முந்திய நாள்தான் குச்சிக்கிழங்கைப் பிடுங்கி லாரிக்காகக் குவித்து வைத்திருந்தார். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாட்களுக்குள் உள்ளே நீலக்கோடு படர்ந்து கெட்டுப் போகும் இயல்புடையது. ஜவ்வரிசி ஆலைக்காரர் அதனைத் தொடமாட்டார். அவர் மழையையும் ரஸ்தாவையும் மாறி மாறி நொந்து கொண்டிருந்தார். மற்றவர் வீட்டிலோ சென்ற அறுவடையின் சாமை தொம்பையில் இருந்தது. அவருக்கு ரஸ்தா நான்கு நாள் கழித்துத் திறந்தாலும் சரி, நாற்பது நாள் கழித்துத் திறந்தாலும் சரி. அடைபட்ட ரஸ்தா ஒன்றே. அதனால் விளைந்த நஷ்டம் மட்டும் வீட்டுக்கு வீடு வேறுபட்டது. அன்று எனக்குத் தோன்றிய எண்ணத்தையே இக்கட்டுரையில் விரித்துக் கூற விரும்புகிறேன்.

ஒரு தேசத்திற்கு எந்த அமைப்பு நின்றுபோனால் மற்றவையும் தொடர்ந்து நின்று ஜன வாழ்க்கை நிலைகுலையுமோ, அதனை அத்தேசத்தின் உயிர்நிலை என்று கொள்ளலாம். மின்சாரம், ரயில், துறைமுகம், குடிநீர், பாங்கி, தபால் தந்தியின் இடத்தில் இன்று வந்திருக்கும் செய்திப் போக்குவரத்து ஆகியவை இவ்வகையின. இவற்றிற்கு நேரக்கூடிய கேடுகளை முன்கூட்டியே கணக்கிட்டு, எதனை முதலில் காப்பது, எதற்கு எவ்வளவு செலவிடுவது என்று தீர்மானிப்பதை இடர் மேலாண்மை என்று வழங்குகின்றனர். 2004 டிசம்பர் 26-இல் கடற்கோள் நம் கரையை அழித்த பிறகு, 2005-இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இயற்றப்பட்டது. கணிப்பொறிகளைச் சார்ந்த உயிர்நிலைகளைக் காப்பதற்கென 2014-இல் தனியே ஒரு மத்திய ஸ்தாபனமும் ஏற்பட்டது. இவையெல்லாம் டெல்லியிலுள்ளோர் கவனிக்க வேண்டியவை, குச்சிக்கிழங்கு நடுவோர்க்கு இதில் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. ஆயினும் தேசத்துக்குச் சொல்லப்படும் கணக்கு ஊருக்கும் அப்படியே பொருந்துகிறது என்பதைக் காட்டினால் அக்கேள்வி தானே அடங்கும்.

2012 ஜூலை 30-ஆம் தேதி அதிகாலை இரண்டரை மணியளவில் வட இந்தியா முழுவதும் மின்சாரம் அற்றுப்போயிற்று. அதனைச் சரிப்படுத்திய மறுநாளே, பகல் 1 மணியளவில், வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ஆகிய மூன்று பிராந்தியங்களும் ஒருங்கே இருண்டன. 60 கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் அதனால் பாதிக்கப்பட்டனர். ரயில்கள் நடுவழியில் நின்றன. மேற்கு வங்காளத்தில் நிலக்கரிச் சுரங்கங்களில் இறங்கிய தொழிலாளர்கள், தூக்கும் யந்திரம் ஓடாமையால் மேலேற இயலாமல் பல மணி நேரம் தவித்தனர், பிறகு மீட்கப்பட்டனர். இவ்வளவுக்கும் தொடக்கம் எங்கே? பீனா என்னும் ஊருக்கும் குவாலியருக்கும் இடையே செல்லும் உயர் அழுத்த மின்வழி ஒன்றில். அவ்வழியில் இரண்டு சுற்றுகள் உண்டு. ஒன்றைச் சீர்திருத்த வேலைக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். மற்றொன்றின் தலைமேல் இரண்டின் சுமையும் ஏறிற்று. வடமாநிலங்கள் தமக்குரிய அளவுக்கு மிஞ்சி மின்சாரத்தை இழுத்துக் கொண்டிருந்த வேளை அது. அச்சுற்றும் துண்டிக்கப்பட்டதும் சுமை பிற வழிகளில் பாய்ந்து, அவையும் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன.

தென்னாட்டிற்கு அன்று அந்த இருள் வரவில்லை. தென் பிராந்திய மின்தொகுதி அப்போது மற்றவற்றோடு ஒரே ஓட்டமாக இணைக்கப்படாமல் தனித்திருந்ததே அதற்குக் காரணம். 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் வழியாக அது இணைக்கப்பட்டது. இதனால் நமக்கு வேண்டியபோது வடக்கிலிருந்து மின்சாரம் பெறும் அனுகூலம் உண்டு. அங்கே நேரும் கேட்டில் பங்கு கொள்ள நேரும் பிரதிகூலமும் உடன் வந்தது. இணைப்பு தவறென்று இதற்குப் பொருள் அன்று. கூட்டு மாட்டில் ஏர் பூட்டினால் உழவு விரையும். ஒரு மாடு படுத்தால் மற்றதும் நிற்கும். பூட்டுமுன் இதை எண்ணியிருக்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

இனி, கணக்கிடும் முறையைக் கூறுவேன். ஒரு பொருளுக்கு வரும் இடரை நிறுப்பதற்குச் சாதாரணமாக இரண்டு எடைக்கற்கள் உபயோகிக்கப்படுகின்றன. கேடு எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடும் என்பது ஒன்று. வந்தால் நஷ்டம் எவ்வளவு என்பது மற்றொன்று. பத்தாண்டுக்கு ஒருமுறை 1,00,000 ரூபாய் நஷ்டம் தரும் கேடும், ஆண்டுதோறும் 10,000 ரூபாய் நஷ்டம் தரும் கேடும் இக்கணக்கில் ஒரே எடையின. ஆனால் குடியானவர் வாழ்க்கையில் இவ்விரண்டும் ஒன்றல்ல. ஆண்டுதோறும் வரும் சிறு நஷ்டத்தைத் தாங்கிப் பழகிவிடலாம். ஒரே நாளில் வரும் பெரு நஷ்டம் குடும்பத்தைக் கடனில் ஆழ்த்தும். ஆகவே மூன்றாவதாக ஒரு கல்லையும் தராசில் வைக்க வேண்டும். இழந்ததை மீளப் பெற எத்தனை நாளாகும்? மீளப் பெறவே முடியாதது எது?

இந்த மூன்றாவது கேள்வியைக் கொண்டு நம் மலையைச் சுற்றிப் பார்ப்போம். ரஸ்தா அடைபட்டால் பெரும்பாலும் சில நாட்களில் கற்களை அகற்றி விடுவார்கள். மின்கம்பி அறுந்தால் ஒரு நாளோ ஒரு வாரமோ. சுனை வற்றினால் கோடை கழியும் வரை தொலைவிலிருந்து நீர் சுமக்க வேண்டும். இவை கஷ்டங்களே, செம்மேட்டு மருத்துவமனைக்குப் பிரசவ வேதனையோடு போகும் பெண்ணுக்கு ஒரு மணி நேரத் தடையும் உயிர்க்கேடாகும் என்பதை நான் மறக்கவில்லை. ஆனாலும் இவை யாவும் மீள்பவை. சர்க்கார் புத்தகத்தில் இவற்றுக்கு இடம் உண்டு, கேட்பதற்கு ஜனங்களுக்கு வாய் உண்டு, பழுது பார்ப்பதற்குப் பணமும் உண்டு. எந்தப் புத்தகத்திலும் இடமில்லாத உயிர்நிலை ஒன்று இம்மலையில் இருக்கிறது. அது தொம்பையின் மூலையிலும், அடுப்புக்கு மேலுள்ள பரணிலும் இருக்கும் விதை.

கொல்லிமலையில் சாமை, தினை, கேழ்வரகு, வரகு, பனிவரகு ஆகிய சிறுதானியங்கள் தொன்றுதொட்டுச் சாகுபடி செய்யப்பட்டு வருகின்றன. ஒவ்வொன்றிலும் பல இனங்கள். கேழ்வரகில் பெருங்கேழ்வரகு, சுருட்டைக் கேழ்வரகு, அரிசிக் கேழ்வரகு என்றும், சாமையில் மல்லியச் சாமை, திரிகுலாச் சாமை, பெருஞ்சாமை என்றும், தினையில் செந்தினை, பெருந்தினை, மூக்காந்தினை என்றும் இன்னும் பலவாறும் பெயர்கள் வழங்கும். கேட்போர்க்கு இவை வெறும் பெயர்களாகத் தோன்றலாம். மலைக்காட்டில் விதைப்பவர்க்கு அப்படியல்ல. ஒன்று விரைவில் முற்றும், மற்றொன்று தாமதித்து முற்றும். ஒன்று கல்லாங்காட்டில் நிற்கும், வேறொன்று மண் ஆழமான இடத்தைக் கேட்கும். மழை முன்பின்னாக வந்தாலும் ஏதேனும் ஓர் இனம் கைகொடுக்கும் என்ற எண்ணத்தோடு பல இனங்களைப் பகிர்ந்து விதைத்த முன்னோர், இடர் மேலாண்மை என்ற பெயரைக் கேள்விப்படாமலே அதனை அனுஷ்டித்து வந்தனர்.

பிறகு குச்சிக்கிழங்கு வந்தது. சேலம், நாமக்கல் பக்கங்களிலுள்ள ஜவ்வரிசி ஆலைகளின் தேவையினால் அதற்கு ரொக்கம் கிடைத்தது. குச்சிக்கிழங்கைக் குறை கூறுவது என் கருத்தன்று. பிள்ளைகளைப் படிக்க வைத்ததும், ஓட்டு வீடு கட்டுவித்ததும், கைம்மாற்றுக் கடனைத் தீர்த்ததும் அதுவே. ஆனால் அது பரவப் பரவ இரண்டு காரியங்கள் ஒருங்கே நிகழ்ந்தன. சாமையும் தினையும் விதைத்த காடுகள் குறைந்தன. அத்துடன், முன்னெல்லாம் ரஸ்தா இன்றியே ஓரளவு வாழ்ந்து வந்த மலை, பிடுங்கிய கிழங்கை ஆலைக்கு இறக்கவும் அரிசியை ஏற்றவும் ரஸ்தாவையே நம்பும்படி ஆயிற்று. பயிரை மாற்றியபோது நாம் ரஸ்தாவின் எடையையும் சேர்த்து மாற்றிவிட்டோம்; அதை அப்போது ஒருவரும் கணக்கில் எழுதவில்லை. ஒரு நியாயத்தைக் கிழங்கின் பக்கமும் சொல்ல வேண்டும். பிடுங்காத கிழங்கு மண்ணுக்குள் சில வாரங்கள் பொறுத்திருக்கும். ஆகையால் மழைக்காலத்தில் லாரி வந்து நின்றதைப் பார்த்த பிறகே பிடுங்குவது என்று வைத்துக்கொண்டால் பாதி நஷ்டம் குறையும்.

ஒரே பயிரை நம்புவதன் அபாயம் ரஸ்தாவோடு நிற்பதில்லை. ஆப்பிரிக்காக் கண்டத்தில் 1970-களில் புகுந்த மரவள்ளி மாவுப்பூச்சி, அங்கே கிழங்கையே உணவாகக் கொண்ட நாடுகளைக் கதிகலங்கச் செய்தது. தென் அமெரிக்காவில் பராகுவே நாட்டில் 1981-இல் கண்டெடுக்கப்பட்ட ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டு அதனை அடக்கினார்கள். அப்பணியை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெர்ரன் என்பவர்க்கு 1995-இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. அதே பூச்சி 2020-இல் கேரளத்தில் திருச்சூர்ப் பக்கம் முதன்முதலாக இந்தியாவில் காணப்பட்டுப் பின் சேலம், நாமக்கல், தர்மபுரி ஜில்லாக்களிலும் பரவியது. நட்ட குச்சியின் நுனி சுருங்கிக் கொத்தாகி, வயல் முழுதும் வாடி நின்றது பலருக்கும் நினைவிருக்கும். பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி ஆதாரங்கள் பணியகத்தார் அக்குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவித்துப் பெருக்கி, 2022 மார்ச்சு மாதத்தில் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் முதன்முதலாக வயலில் விட்டனர். ஆப்பிரிக்காவிலே நாற்பதாண்டுகளுக்கு முன் செய்த வேலை நமக்குத் தயாராக இருந்தது நம் பாக்கியம். எல்லாப் பூச்சிக்கும் அவ்விதம் ஒருவர் முன்பே விடை எழுதி வைத்திருப்பார் என்று நம்பியிருக்கலாகாது. மேலும் இப்பூச்சி நடவுக் குச்சிகளுடனேயே ஊர்விட்டு ஊர் செல்லுவது. எனவே பூச்சி கண்ட காட்டுக் குச்சியை, அது இலவசமாகவே கிடைப்பினும், வாங்கி நடலாகாது.

பயிர் இன்ஷ்யூரன்ஸ் இருக்கிறதே என்பார் உளர். 2016 முதல் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் நடைபெற்று வருகிறது. சேரத்தக்கவர் சேர்வது நல்லதே. ஆனால் இன்ஷ்யூரன்ஸ் பணத்தைத் தரும், விதையைத் தராது. நெல் விதை தவறினால் பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகலாம். திரிகுலாச் சாமை விதை எந்தக் கடையில் விற்கிறது? அதனை விற்கும் கடை, அதனை விதைத்த பக்கத்து ஊர்க் காடு ஒன்றே. அக்காட்டிலும் அது இல்லாது போனால் பணம் எத்தனை இருந்தும் பயனில்லை. ரஸ்தா ஆண்டுதோறும் அடைபடுகிறது, அதனால் எல்லோரும் அதைப் பேசுகிறோம். விதை ஒரு தலைமுறைக்கு ஒருமுறை அற்றுப்போகிறது, அற்ற அன்று ஓசையே கேட்பதில்லை. மூன்றாவது எடைக்கல்லை வைத்துப் பார்த்தால் எது கனம் என்பது தெரியும்.

இது நான் ஏட்டில் கற்றதன்று. என் கையாலேயே செய்த பிழையிற் கற்றது. இம்மலைக்கு வந்த புதிதில், ஓர் ஊரிலுள்ள பெண்கள் அங்கங்கே குடுக்கையிலும் துணி முடிப்பிலும் வைத்திருந்த விதைகளைக் கண்டு, இவ்வளவு அருமையான பொருளை இப்படிச் சிதறவிடலாமா என்று எண்ணினேன். ஐந்து இனங்களின் விதையைச் சேகரித்து, தனித்தனிப் பையிலிட்டு, இறுக மூடும் தகரப் பீப்பாய் ஒன்றில் அடைத்து, ஊர்ப் பொதுக் கட்டடத்தில் வைப்பித்தேன். மார்கழி மூடுபனிக் காலம். அறுத்த தானியம் நன்றாகக் காயவில்லை. அதனை நான் சோதிக்கவும் இல்லை. வைகாசியில் பீப்பாயைத் திறந்தபோது புளித்த நாற்றம் வந்தது. முளைக்கப் போட்டதில் ஒன்றிரண்டு தவிர எதுவும் எழவில்லை. அவ்வூரிலுள்ள ஒரு மூதாட்டியார் என்னைக் கடிந்து கொள்ளவில்லை. "தம்பி, நீங்க கேட்டதுக்காகக் கொடுத்தேன், எல்லாத்தையும் கொடுக்க மனசு வரலே" என்று கூறி, அடுப்புப் புகைக்கு மேல் கட்டித் தொங்கவிட்டிருந்த கதிர்களையும் ஒரு சுரைக்குடுக்கையையும் எடுத்துவந்து காட்டினார். அவற்றிலிருந்து நான்கு இனங்கள் பிழைத்தன. ஐந்தாவதான ஒரு தினை, அவ்வூரார் தமக்கென்றே ஒரு பெயரிட்டு வழங்கியது, அவரிடமும் இல்லை. அண்டை நாடுகளிலும் கேட்டுப் பார்த்தோம். அவ்வூரில் அது இன்றளவும் இல்லை.

நான் செய்த பிழைகள் இரண்டு. ஈரமான விதையைக் காற்றுப் புகாமல் அடைத்தது ஒன்று. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்தது மற்றொன்று. இரண்டையும் தனித்தனியே கவனிப்போம்.

விதையின் ஆயுளைப் பற்றி ஹாரிங்டன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் கூறிய எளிய விதி ஒன்று உண்டு. விதையிலுள்ள ஈரம் நூற்றுக்கு ஒரு பங்கு குறையக் குறைய அதன் ஆயுள் இரட்டிக்கும். வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி சென்டிகிரேடு குறையக் குறைய அவ்வாறே இரட்டிக்கும். மலையின் குளிர்ச்சி இதனால் நமக்கு அனுகூலம். மலையின் பனியீரம் பிரதிகூலம். சாதாரணப் பையில் வைக்கும் சிறுதானிய விதைக்கு ஈரம் நூற்றுக்கு 12-க்கு மேற்படலாகாது. காற்றுப் புகாத பாத்திரத்தில் அடைப்பதாயின் 8-க்குக் குறைய வேண்டும். ஈரம் அளக்கும் கருவி இல்லாதோர் ஒரு சோதனை செய்யலாம். நன்றாக வறுத்து ஆறவைத்த உப்புத் தூளையும் ஒரு கைப்பிடி விதையையும் உலர்ந்த கண்ணாடிப் புட்டியிலிட்டு மூடிக் குலுக்கிச் சற்று நேரம் வைக்கவும். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15-க்கு மேல் என்று கொள்க. ஒட்டாவிடினும் அதோடு திருப்தியடையாமல், காலை வெயிலிலும் மாலை வெயிலிலும் பாயில் பரப்பி மேலும் சில நாள் உலர்த்துதல் நலம். பீப்பாயில் அடைக்கும் எண்ணமே இல்லையென்றால் பழைய வழக்கம் போதுமானது. மூங்கிலால் முடைந்து மண் பூசித் தரையினின்று உயர்த்தி அமைத்த தொம்பை, நிலத்தின் ஈரத்தையும் எலியையும் தடுக்கும். அடுப்புப் புகை விதைக்குப் பூச்சி வராமல் காப்பதோடு, பனிக்காலத்தில் அதனை உலர்த்தியும் வைக்கும். மூதாட்டியாரின் பரணை நான் அறியாமையால் ஏளனம் செய்தேனே தவிர, அது என் பீப்பாயைவிட மேலான யந்திரம்.

ஒரே இடத்தில் வைப்பதைப் பற்றி. ஒரு தொம்பை தீயினாலோ, ஒழுக்கினாலோ, எலியினாலோ இருபதாண்டில் ஒருமுறை பாழாகும் என்று உதாரணமாக வைத்துக்கொள்வோம். குறித்த ஓர் ஆண்டில் அது பாழாவதற்கு இருபதில் ஒரு பங்கு இடமுண்டு. அதே விதையை மூன்று வீடுகளில் வைத்தால், மூன்றும் ஒரே ஆண்டில் பாழாவதற்கு 20-ஐ மும்முறை பெருக்கிய 8,000-இல் ஒரு பங்குதான் இடமுண்டு. செலவு ஒன்றும் இல்லாமல் இவ்வளவு காப்பு வேறெதிலும் கிடைக்காது. ஆனால் இக்கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. மூன்று வீடுகளும் ஒரே வரிசையில் கூரையோடு கூரை முட்டி நின்றால், ஒரு தீ மூன்றையும் எரிக்கும். கணக்கு மீண்டும் இருபதில் ஒன்றாகிவிடும். பீனா–குவாலியர் வழியில் இரண்டு சுற்று இருந்தும் பயன்படாமற் போனதும் இதுபோன்றதே. எண்ணிக்கையில் மூன்றிருந்தால் போதாது. ஒன்றைக் கெடுக்கும் காரணம் மற்றதைத் தொடாதபடி பிரிந்திருக்க வேண்டும். ஒரு பங்கு அதே ஊரில், ஒரு பங்கு ஓடைக்கு அப்பாலுள்ள ஊரில், ஒரு பங்கு சம்பந்தி வீட்டில், கூடுமானால் வேறு நாட்டில். கொல்லிமலையில் நாடுகள் பதினான்கு என்பர். பெண் கொடுத்துக் கொள்ளும் உறவு அவற்றினூடே பரவியிருப்பது இதற்குப் பெரிய வசதி.

மலைக்கு வெளியேயும் ஒரு பங்கு இருப்பது அவசியம். டெல்லியிலுள்ள தேசியத் தாவர மரபு வளப் பணியகம் நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட பயிர் மாதிரிகளைக் குளிரறைகளில் பாதுகாத்து வருகிறது. லடாக்கில் சாங் லா கணவாயின் குளிரில் 2010 முதல் ஒரு விதைக் காப்பகம் உள்ளது. நார்வே நாட்டுக்குரிய ஸ்வால்பார்டு தீவில் 2008-இல் உலக விதைப் பெட்டகம் திறக்கப்பட்டது. இத்தகைய காப்பகங்கள் வீண் ஆடம்பரம் என்று நினைப்பவர்க்கு ஒரு செய்தி. சிரியா தேசத்து அலெப்போ நகரின் அருகே வறண்ட நிலப் பயிர்களின் பெரிய விதைச் சேகரம் ஒன்று இருந்தது. அங்கே யுத்தம் மூண்டபோது அதனை அணுக முடியாது போயிற்று. அதன் அதிகாரிகள் தாம் முன்பே ஸ்வால்பார்டுக்கு அனுப்பி வைத்திருந்த படிகளை 2015-இல் திரும்பப் பெற்று, லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கினர். 

ஆயினும் குளிரறையை முழுவதும் நம்பிவிடக் கூடாது. டெல்லியிலுள்ள பொட்டலம் சில நூறு கிராம். அதைப் பெற்று ஊருக்குப் போதுமாகப் பெருக்க இரண்டு மூன்று பருவங்கள் வேண்டும். அதுவரையில் ஊருக்கு ஊரிலேயே விதை இருக்க வேண்டும். எவ்வளவு? தூவி விதைக்கும் சாமைக்கு ஏக்கருக்குச் சுமார் 5 கிலோ போதும். 40 குடும்பம் உள்ள ஊரில் குடும்பத்துக்கு அரை ஏக்கர் என்றால் 20 ஏக்கர். விதை 100 கிலோ. முதல் விதைப்பு மழையின்றிக் கருகினால் மறுபடி விதைக்க இன்னுமொரு 100 கிலோ. ஆகமொத்தம் 200 கிலோ, அதாவது நாலைந்து சாக்கு. ஓர் ஊரை ஒரு பயிரில் காப்பதற்கு நாலைந்து சாக்கு என்றால், இதைவிடச் சிறிய உயிர்நிலை வேறெங்குமிராது. விதை கடன் வாங்கியவர் அறுவடையில் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பது என்று ஊர்க்கூட்டத்தில் தீர்மானித்துக் கொண்டால் சேமிப்பு தானே நிரம்பும். இம்மலையில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் பல ஊர்களில் ஊரார் கையாலேயே இத்தகைய விதைச் சேமிப்புகளை ஏற்படுத்தியிருக்கின்றனர். புதிதாகத் தொடங்குவோர் அவ்வூர்களுக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பது என் கட்டுரையைப் படிப்பதைவிடப் பயன் தரும்.

இவ்வளவும் செய்தும் ஒரு காரியத்தை விட்டால் எல்லாம் வீணாகும். விதையைச் சேமிப்பது யாரும் உண்ணாத தானியத்துக்கு நெடுநாள் நடவாது. சாமையையும் தினையையும் உரலில் குத்தி உமி நீக்குவது மணிக்கணக்காகும் வேலை. அதைச் செய்பவர் பெண்கள். ரேஷன் அரிசி கையருகே இருக்க, வயற்காட்டிலிருந்து வந்து உரலின் முன் நிற்கச் சொல்வதில் நியாயமில்லை. பெண்கள் சாமையைக் கைவிட்டதைப் பற்றிக் கூட்டங்களில் வருந்துவோர் ஒரு மரக்கால் சாமையைத் தாமே குத்திப் பார்க்கட்டும். உமி நீக்கும் யந்திரம் வைத்த ஊர்களில் சாமை மீண்டும் அடுப்பேறியதை நான் கண்டிருக்கிறேன். அடுப்பேறினால் விதைப்பார்கள், ஆண்டுதோறும் விதைத்தால் புது விதை வரும், புது விதை வந்தால் தொம்பையில் கிடப்பது மடியாது. ஆகவே அவ்யந்திரத்தையும் அதற்கு வேண்டிய மின்சாரத்தையும் விதைக் காப்பின் ஒரு பகுதியாகவே கணக்கிட வேண்டும். மின்சாரம் பல நாள் நின்றால் என்ன செய்வது என்பதையும் முன்னரே யோசிக்க வேண்டும். யந்திரம் வந்ததென்று உரலை விறகாக்கிவிட வேண்டாம்.

விதைச் சேமிப்பை ஆண்டுக்கு ஒருமுறை சோதிப்பது எளிது. பங்குனி பிறந்ததும் ஒவ்வோர் இனத்திலும் பொறுக்காமல் எடுத்த 100 விதைகளை நனைத்த துணியில் வரிசையாகப் பரப்பிச் சுருட்டி நிழலில் வைத்து, துணி காயாமல் ஒரு வாரம் பார்த்து, முளைத்தவற்றை எண்ணவும். 90 முளைத்தால் வழக்கமான அளவு போதும். 60 தான் முளைத்தால் 5 கிலோவுக்குப் பதில் ஏழரைக் கிலோ விதைக்க வேண்டும். அத்தகைய விதையை மறு ஆண்டிற்கு வைக்காமல் அவ்வாண்டே விதைத்துப் புதுப்பித்துக் கொள்க. அதனினும் மிகக் குறைந்தால் மற்ற இரு இடங்களில் வைத்த பங்கையும் உடனே சோதிக்கவும். மூன்றும் குறைவாயிருப்பின் சித்திரையிலேயே அண்டை நாட்டாரிடம் சொல்லி வைத்து வாங்கிக்கொள்ள வேண்டும். மழை விழுந்த பிறகு போய்க் கேட்டால் அவர்கள் தம்மிடமுள்ளதைக் காட்டில் இறைத்திருப்பார்கள்.